சிங்கூர்ப் பசுவின் இரண்டு பேரேடுகள்

ஹௌரா நிலையத்திலிருந்து தாரகேஸ்வரம் நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி ஒரு மணி நேரத்துக்குள் சிங்கூரை அடைந்துவிடும். நெல்லும் உருளைக்கிழங்கும் விளையும் ஹூக்ளி மாவட்டத்து ஊர் அது. 2006க்கும் 2008க்கும் இடையே டாடா நானோ ஆலைக்காக நடந்த நில எடுப்பும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தன. இன்று சிங்கூர் என்றதும் மகிழுந்தே நினைவுக்கு வருகிறது. மாட்டை நினைப்பவர் மிகச் சிலர். எனினும் கால்நடையை அளந்தறிந்த வரலாற்றில் சிங்கூருக்கு ஓர் இடம் உண்டு. அவ்விடம் நானோவை விட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மூத்தது.

ஸ்டூவர்ட் ஓடென்டால் என்னும் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் சிங்கூர்ப் பகுதியில் ஏறத்தாழ பதினைந்தரைச் சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பிலிருந்த மாடுகள் அனைத்தையும் ஒரே கணக்கிற்குள் கொண்டுவர முயன்றார். மாடு என்ன தின்கிறது, எவ்வளவு தின்கிறது, அதற்கு ஈடாக என்ன தருகிறது என்பதே அவர் கேட்ட கேள்வி. தீனியை எடைபோட்டு வெப்ப அலகாக மாற்றினார். பால், கன்று, உழைப்பு, சாணம் ஆகிய நான்கையும் அதே அலகில் மறுபக்கத்தில் எழுதினார். முடிவுகள் 1972இல் ‘ஹியூமன் எக்காலஜி’ இதழின் முதல் வெளியீட்டில் அச்சாயின. உட்சென்ற ஆற்றலில் ஏறத்தாழ 17 விழுக்காடு மனிதருக்குப் பயன்படும் வடிவில் திரும்பி வருகிறது என்றது அக்கணக்கு. அமெரிக்க மேற்குப் புல்வெளிகளில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளுக்கு அதே அளவு 4 விழுக்காட்டைக் கூடத் தொடவில்லை.

எலும்பு துருத்திய, நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் மட்டுமே கறக்கும் வங்காளத்து நாட்டுமாடு கொழுத்த அமெரிக்க மாட்டை வென்றது எவ்வாறு? விடை மாட்டின் வயிற்றில் இல்லை. அது வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. தெருவில் விழும் சாணத்தையும் விடாமல் அள்ளி, வறட்டியாகத் தட்டிச் சுவரில் ஒட்டி, காயவைத்து அடுப்பெரிக்கும் உழைப்பே பயன் பக்கத்தின் பெரும்பகுதியை நிரப்பியது. சிங்கூர் மாடுகளின் தீனி பெரும்பாலும் வைக்கோல், தவிடு, உமி, வரப்புப் புல் ஆகியவையே. மனிதர் உண்ணத்தக்க பொருள் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு; அதுவும் பெரும்பாலும் உழவெருதுக்கும் கறவைக்கும் சென்றது. அமெரிக்கப் புல்வெளியில் சாணம் கிடக்கும் இடத்திலேயே கிடக்கிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆகவே 17க்கும் 4க்கும் உள்ள இடைவெளி மாட்டினங்களின் இடைவெளியன்று. எதைப் பயன் என்று எழுதுவது என்பதில் உள்ள இடைவெளி. இந்தியப் பசுவின் புனிதத்துக்குப் பொருளியல் விளக்கம் தேடிய மார்வின் ஹாரிஸ் இவ்வாய்வைப் பெரிதும் எடுத்தாண்டார். இந்த உயர்வு மாட்டின் திறமையால் அன்று, மக்கள் எதையும் வீணாக்காமையால் என்பதை அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் இந்தப் பகுதியை மட்டும் தவறாமல் விட்டுவிடுகின்றனர்.

ஓடென்டாலின் பேரேட்டில் ஒரு பத்தி இல்லை. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் காற்றில்லாச் சூழலில் நார்ப்பொருள் நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. உண்ட ஆற்றலில் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு இவ்வாறு கழிகிறது என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு; வைக்கோல் போன்ற கடினத் தீனியில் அது உயர்நிலையில் நிற்கும். கால்நடை ஊட்டவியலாருக்கு இவ்விழப்பு முன்பே தெரியும். ஆனால் 1972இல் அது மாட்டுக்காரனின் நட்டம் மட்டுமே. வளிமண்டலத்தின் நட்டமாக யாரும் எழுதவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இன்னொரு பேரேடு திறக்கப்பட்டது. அதில் இந்த ஏப்பம் மட்டுமே எழுதப்பட்டது. வறட்டிக்கும் உழவுக்கும் அங்கே பத்தியே இல்லை.

அந்த இரண்டாம் பேரேட்டுக்கு வருமுன் ஒரு பழைய சொல்லைக் கவனிப்பது தகும். ஆங்கிலேய ஆட்சியில் கால்நடைக் கணக்கெடுப்பு நாடளாவிய முறையில் 1919-20இல் தொடங்கிற்று. 1926இல் அமைக்கப்பட்ட வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் தன் அறிக்கையை அளித்தது. தீனி குறைவதால் மாடு நலிகிறது, நலிந்த மாடு போதாமையால் எண்ணிக்கை பெருகுகிறது, பெருகியதால் தீனி மேலும் குறைகிறது என்ற நச்சுச் சுழலை அது விவரித்தது. விவரிப்பில் உண்மை உண்டு. ஆனால் அதோடு சேர்ந்து ‘பயனற்ற மாடு’ என்னும் சொற்றொடரும் அரசு ஆவணங்களில் வேரூன்றியது. பயன் என்பது பாலும் இறைச்சியும் என்று முன்னரே முடிவு செய்தவர்களுக்கே அச்சொல் பொருள் தரும். கொல்கத்தாவை அடுத்த சோதேபூரில் காதி பிரதிஷ்டானை நடத்திய வேதியியலாளர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா 1945இல் ‘இந்தியாவில் பசு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். காந்தி முன்னுரை வழங்கினார். தீனி, உரம், இனவிருத்தி, நோய் எனப் பசுவின் அனைத்தையும் ஒரு நூலுக்குள் அடக்க முயன்ற உழைப்பு அது. பயனற்றது என்ற தீர்ப்புக்கு எதிர்வாதம் வங்காளத்திலிருந்து புதிதாகப் புறப்படவில்லை. ஓடென்டால் வருமுன்னரே அது அங்கு இருந்தது. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் வி. எம். தண்டேகர், கே. என். ராஜ், ஆலன் ஹெஸ்டன் ஆகியோர் மாட்டின் எண்ணிக்கை மிகையா, பொருத்தமா என்று நடத்திய வாதமும் இதன் தொடர்ச்சியே. அவ்வாதத்தில் எவரும் மீத்தேனைப் பேசவில்லை.

1990இல் நிலைமை மாறியது. வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் பசுங்குடில் வளிமங்களை வெளியிடும் நாடுகளைத் தரவரிசைப்படுத்தியது; இந்தியா ஐந்தாம் இடத்தில் வைக்கப்பட்டது. நெல் வயல்களும் மாடுகளும் இந்த உயர்வுக்குக் காரணமானவற்றுள் முதன்மையானவை. மறு ஆண்டே தில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறுநூலில் இதற்கு மறுப்பு எழுதினர். உயிர் வாழ்வதற்கான வெளியீடும் ஆடம்பரத்துக்கான வெளியீடும் ஒன்றல்ல. பெருவாகனத்தின் புகையையும் ஏழை உழவனின் எருதின் ஏப்பத்தையும் ஒரே தட்டில் வைப்பது நீதியன்று என்பது அவர்களது வாதத்தின் சாரம். காலநிலை அரசியலில் இன்றுவரை புழங்கும் இணைச்சொற்களை அந்நூல் தந்தது.

அதே காலத்தில் இன்னொரு மறுமொழி அளவீட்டின் வழியே வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் கொல்கத்தாவில் பிறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சிசிர் குமார் மித்ராவிடம் பயின்ற ஆ. பி. மித்ரா. ஆசிரியர் 1947இல் வெளியிட்ட ‘மேல் வளிமண்டலம்’ என்னும் ஆங்கில நூல் உலகப் பெயர் பெற்றது. மாணவரும் அயனமண்டல ஆய்விலேயே வளர்ந்தவர். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் பின்னர் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்த அவர், வானத்தின் உயரத்திலிருந்து நெல் வயலின் சேற்றுக்கு இறங்கினார். இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் வெளியிடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. வேறு நாடுகளின் சில வயல்களில் கிடைத்த அளவுகளை இந்தியப் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. 1991இல் நாட்டின் பல பகுதிகளில் வயலின் மேல் பெட்டிகளைக் கவிழ்த்து, காற்றைப் பிடித்து, நேரடியாக அளந்தனர். விடை ஏறத்தாழ 40 இலட்சம் டன். மானாவாரி வயல் இடையிடையே காய்கிறது. எல்லா வயலும் எப்போதும் நீரில் மூழ்கிக் கிடப்பதில்லை. உழவர் எவருக்கும் தெரிந்த இந்தச் செய்தி மட்டுமே மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட வேறுபாட்டில் பெரும்பங்கை விளக்குகிறது.

இந்த வெற்றி பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதன் பின்விளைவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நெல்லின் எண் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதும், மாடு தனித்து நின்றது. ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை உடன்படிக்கைக்கு இந்தியா 2004இல் அளித்த முதல் தேசிய அறிக்கை 1994ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி நெல் வயலின் மீத்தேன் 40.9 இலட்சம் டன். கால்நடையின் ஏப்பம் 89.7 இலட்சம் டன். 2007க்கான கணக்கில் ஏப்பத்தின் பங்கு ஒரு கோடி டன்னைக் கடந்தது. நாட்டின் மீத்தேனில் ஏறத்தாழப் பாதி அதுவே. நெல்லைக் காத்த அதே அளவீடு, மாட்டைக் குற்றக்கூண்டில் நிறுத்தியது என்றே சொல்ல வேண்டும். இவ்விரண்டும் வேறுவேறு மூலங்களும் அல்ல. வங்காளத்தில் நெல் வயல் தரும் வைக்கோலே மாட்டின் வயிற்றில் மீத்தேனாகிறது. அட்டவணை அதை இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. வயலும் தொழுவமும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதை அட்டவணை அறியாது.

வயலின் மேல் பெட்டியைக் கவிழ்க்கலாம். மாட்டின் மேல் கவிழ்ப்பது எளிதன்று. அடைத்த அறைக்குள் மாட்டை நிறுத்தி உட்செல்லும் காற்றையும் வெளிவரும் காற்றையும் ஒப்பிடும் முறை நெடுங்காலமாக உண்டு. துல்லியமானது, ஆனால் அறைக்குள் நிற்கும் மாடு மேயும் மாடன்று. 1994இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு மாற்று வழியை வெளியிட்டனர். கந்தக அறுபுளோரைடு நிரப்பிய சிறு குழாய் ஒன்றை மாடு விழுங்கச் செய்கின்றனர். அது இரைப்பையில் கிடந்து, முன்பே அளந்தறிந்த வேகத்தில் அவ்வளிமத்தைக் கசியவிடும். மாட்டின் மூக்கருகே பொருத்திய மெல்லிய குழல், கழுத்தில் மாட்டிய வெற்றுக் கலத்துக்குள் மூச்சுக்காற்றை நாள் முழுதும் சிறிது சிறிதாக இழுக்கும். கலத்திலுள்ள இரு வளிமங்களின் விகிதம் தெரிந்தால், கசிந்த அளவைக் கொண்டு மீத்தேனின் அளவைக் கணித்துவிடலாம். மாடு தன் விருப்பம்போல் மேய்ந்துகொண்டிருக்கும். கர்னாலின் தேசியப் பால்பண்ணை ஆய்வு நிறுவனமும் பெங்களூருவின் தேசியக் கால்நடை ஊட்டவியல் உடலியங்கியல் நிறுவனமும் இம்முறையைக் கையாண்டு வந்துள்ளன. அளவிடப் பயன்படும் அந்த வளிமமே பசுங்குடில் வளிமங்களுள் மிகக் கடுமையான ஒன்று என்பது இத்துறையின் சிறு முரண்.

ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் கலம் மாட்ட இயலாது. சில மாடுகளில் கண்டதைத் தலைக்கு இத்தனை கிலோகிராம் என்ற காரணியாக்கி, கணக்கெடுப்பு எண்ணிக்கையால் பெருக்குவதே நாடுகளின் வழக்கம். அரசு ஆணையங்களுக்கு இடையிலான காலநிலைக் குழுவின் 1996 வழிகாட்டி, சொந்த அளவீடு இல்லாத நாடுகளுக்கான காரணிகளைத் தந்தது. வட அமெரிக்கக் கறவைப் பசு ஆண்டுக்கு 118 கிலோ; இந்தியத் துணைக்கண்டத்துக் கறவைப் பசு 46 கிலோ. இந்தியாவோ தன் முதல் அறிக்கையில் சொந்தக் காரணிகளைப் பயன்படுத்தியது: நாட்டுக் கறவைப் பசு 28, கலப்பினக் கறவைப் பசு 43, கறவை எருமை 50. ஒரு கோடி நாட்டுப் பசுக்களை எடுத்துக்கொண்டால், 46ஆல் பெருக்கும்போது 4.6 இலட்சம் டன் வருகிறது. 28ஆல் பெருக்கும்போது 2.8 இலட்சம் டன். ஒரு பசுவும் ஒரு வாய்த் தீனியை மாற்றிக்கொள்ளவில்லை. 1.8 இலட்சம் டன் மீத்தேன் காகிதத்திலிருந்து மறைந்துவிட்டது.

இதைச் சூழ்ச்சி என்று எவரும் விரைந்து கூற வேண்டியதில்லை. சிறிய உடல் குறைவாக உண்கிறது. குறைவாக உண்பது குறைவாக ஏப்பமிடுகிறது. 28 உண்மைக்கு அருகில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த அறிக்கை தன் ஐயத்தையும் அச்சிட்டது: 28க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 5, எருமையின் 50க்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 17. எருமையின் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஐயம். முப்பதுகளின் பிற்பகுதியில் வங்காளத்துச் சணல் வயல்களை மாதிரிமுறையில் அளக்கத் தொடங்கிய பி. சி. மகலனோபிஸ், எண்ணைத் தருவோன் அதன் பிழையையும் சேர்த்தே தர வேண்டும் என்ற ஒழுங்கை நிலைநாட்டினார். 1931இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வடகொல்கத்தாவின் பராநகரில் இன்றும் இயங்குகிறது. அவ்வொழுங்கின் வழிவந்ததே இந்தக் கூட்டல் கழித்தல் குறி. ஆனால் செய்தித்தாளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மாநாட்டு மேடைக்கும் எண் போகும்போது அக்குறி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

பெருக்கும் எண்ணோடும் கதை முடியவில்லை. மீத்தேனைக் கரியமில வளிமத்துக்கு ஒப்பிட முன்பு 21 என்ற எண் வழங்கியது. பின்னர் அது 28 ஆயிற்று. 1994இன் 89.7 இலட்சம் டன் ஏப்பம், முதல் எண்ணால் 18.8 கோடி டன்னுக்குச் சமம்; இரண்டாம் எண்ணால் 25.1 கோடி டன்னுக்குச் சமம். நூறாண்டைக் கணக்கில் கொண்ட எண்கள் இவை. இருபது ஆண்டு என்று எல்லையைச் சுருக்கினால் 80ஐ ஒட்டிய எண் வரும். மீத்தேன் வளிமண்டலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடுவது. கரியமில வளிமத்தின் பெரும்பகுதி நூற்றாண்டுகள் தங்குவது. எண்ணிக்கை மாறாத ஒரு மந்தை சென்ற தலைமுறையில் சேர்த்த அளவையே மீண்டும் நிரப்புகிறது; நிலக்கரி உலையோ ஒவ்வோராண்டும் பழையதன் மேல் புதியதைக் குவிக்கிறது. ஆகவே எண்ணிக்கையின் போக்கே முக்கியம். இந்தியாவின் மாட்டினம் 1992இல் ஏறத்தாழ 20.5 கோடி, 2019இல் 19.2 கோடி. எருமை அதே காலத்தில் 8.4 கோடியிலிருந்து ஏறத்தாழ 11 கோடியாகப் பெருகியது. நாட்டின் பாலில் ஏறத்தாழப் பாதியை எருமை தருகிறது. தலைக்குரிய ஏப்பமும் அதற்கே மிகுதி. போற்றுதலும் தூற்றுதலும் மட்டும் பசுவுக்கே போய்ச் சேர்கின்றன. புனிதமும் இல்லை, பழியும் இல்லை என்ற நிலையில் எருமை அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.

கறவை, கறவையல்லாதது என்று வழிகாட்டி நூல் மாடுகளை இரண்டாகப் பகுக்கிறது. பால்பண்ணை ஒருபுறமும் இறைச்சி மந்தை மறுபுறமும் பிரிந்து கிடக்கும் நாட்டில் பிறந்த பகுப்பு இது. சிங்கூரில் எருது எந்த வகை? கறவையல்லாதது. உழுவது, வண்டி இழுப்பது, செக்குச் சுற்றுவது ஆகிய அனைத்தும் ‘அல்லாதது’ என்ற எதிர்மறைக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழில் பசு, காளை, எருது, கிடேரி, கடா எனப் பாலும் பருவமும் தொழிலும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். வங்காளியிலும் காய், பலத், ஷாண்ட் எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. பெயரில்லாத தொழிலுக்குப் பேரேட்டில் பத்தி இருக்காது.

குறைப்பது எவ்வாறு என்ற கேள்வியில் இந்தப் பத்தியின்மை நேரடி விளைவை உண்டாக்குகிறது. உலக அளவில் பரிந்துரைக்கப்படும் முதல் வழி, ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேனைக் குறைப்பது. கணக்கின் போக்கைக் காட்ட இரண்டு பசுக்களை வைத்துக்கொள்ளலாம். நாட்டுப் பசு நாளுக்கு 2 லிட்டர், கலப்பினப் பசு 8 லிட்டர், இரண்டும் 300 நாள் கறப்பவை. 28 கிலோவை 600 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 47 கிராம். 43 கிலோவை 2,400ஆல் வகுத்தால் 18 கிராம். தலைக்குப் பார்த்தால் கலப்பினம் ஒன்றரை மடங்கு குற்றவாளி. லிட்டருக்குப் பார்த்தால் நாட்டுமாடே இரண்டரை மடங்கு குற்றவாளி. எருதைப் பாலால் வகுத்தாலோ வகுஎண் சுழி; கணக்கே நின்றுவிடும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக வெளியீட்டில் கால்நடையின் பங்கை 2006இல் 18 விழுக்காடு என்றும், 2013இல் 14.5 விழுக்காடு என்றும் கூறியது. பிந்தைய ஆய்வு உழைப்பின் பங்கையும் ஓரளவு கணக்கில் கொண்டது. அதன் பின்னும் தெற்காசியாவின் லிட்டர்க் கணக்கு உயரத்திலேயே நிற்கிறது.

கொல்கத்தாவுக்கு லிட்டர்க் கணக்கின் கவர்ச்சி புதிதன்று. நகருக்குள் நெருக்கியடித்துக் கிடந்த ‘காட்டால்’ என்னும் மாட்டுக்கொட்டில்களை வெளியேற்றி, நதியா மாவட்டத்து ஹரிங்காட்டாவில் அரசுப் பண்ணையை வளர்த்ததன் நோக்கமே குறைந்த தலைக்கு நிறைந்த பால் என்பதுதான். பால் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கு 1965இன் ஆணை சான்று: பிரபுல்ல சந்திர சென் அரசு பாலைத் திரித்தெடுக்கும் சன்னாவில் இனிப்புச் செய்வதையே தடை செய்தது. ரசகுல்லாவின் நகரில் அத்தடை நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர் வெள்ளப்பெருக்குத் திட்டத்தின் கீழ் பால் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தது; கலப்பினமும் பரவியது. ஆனால் கலப்பினப் பசு வைக்கோலை மட்டும் தின்று 8 லிட்டர் கறப்பதில்லை. பிண்ணாக்கும் மக்காச்சோளமும் வேண்டும். அவற்றுக்கு நிலமும் உரமும் வேண்டும். அந்நிலத்தின் நைட்ரஸ் ஆக்சைடும் உர ஆலையின் புகையும் மாட்டின் வரியில் எழுதப்படுவதில்லை. ஹூக்ளி வயல்களில் எருதின் இடத்தைப் பவர் டில்லர் பிடித்தது. அதன் டீசல் எரிசக்தித் துறையின் வரியில் போய்ச் சேர்ந்தது. வைக்கோல் தின்ன மாடு குறைந்து, அறுவடை எந்திரம் தாளை உயரமாக விட்டுச் செல்லும் இடங்களில், வர்தமான் பக்கம் தாளெரிப்பும் தலைகாட்டியுள்ளது. மாட்டின் வரியில் கழிந்தது வேறு மூன்று வரிகளில் சிதறிக் கிடக்கிறது.

இதனால் குறைக்கும் முயற்சி வீண் என்று ஆகாது. பெங்களூரு நிறுவனம் டானின் மிகுந்த தாவரப் பொருள்களைக் கொண்டு உருவாக்கிய ‘ஹரித் தாரா’ என்னும் தீவனச் சேர்க்கை, மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைப்பதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. தேசியப் பால்வள வாரியத்தின் சமச்சீர்த் தீவனத் திட்டம் உள்ளூரில் கிடைக்கும் தீனிகளையே சரியான விகிதத்தில் கலக்கச் சொல்கிறது. பால் சற்றுக் கூடுகிறது, செலவும் ஏப்பமும் குறைகின்றன. வைக்கோலை யூரியா கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்தும் பழைய முறையும் செரிமானத்தை உயர்த்தும். இவை யாவும் ஓடென்டாலின் பேரேட்டுக்கும் காலநிலைப் பேரேட்டுக்கும் ஒருசேர நன்மை செய்பவை: ஏப்பமாகக் கழியும் 6, 7 விழுக்காட்டில் சிறிதளவு பாலாகவோ தசையாகவோ மாறினால் இலாபம் மாட்டுக்காரருக்கே. தொட்டியில் தீனி வைக்கப்படும் மாட்டுக்கே இச்சேர்க்கைகள் எளிதில் போய்ச் சேரும் என்பது குறை. கால்வாய்க் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேயும் மாட்டுக்கு நாள்தோறும் அளந்து ஊட்டுபவர் யார்? புல்வெளி நாடாகிய நியூசிலாந்தும் இதே இடத்தில்தான் இடறுகிறது. அங்கு மொத்த வெளியீட்டில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்து வருகிறது. ஆய்வுக்கென 2003இல் முன்மொழியப்பட்ட தீர்வை உழவர் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2022இன் விலையிடும் திட்டமும் 2024இல் கைவிடப்பட்டது. டென்மார்க் மட்டும் 2030 முதல் கால்நடை வெளியீட்டுக்கு வரி விதிக்க 2024இல் உடன்பாடு கண்டது.

2021இல் கிளாஸ்கோவில் உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஏப்பமும் நெல்லுமே இந்திய மீத்தேனின் முதன்மை மூலங்கள், அவை சிறு குறு உழவரின் வாழ்வாதாரம் என்பது அரசு நாடாளுமன்றத்தில் தந்த விளக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அகர்வாலும் நாராயணும் வகுத்த வேறுபாட்டின் எதிரொலி அது. வாதம் அன்றும் சரி, இன்றும் பெருமளவு சரி. ஆயினும் 1991இல் அவ்வாதத்தோடு மித்ராவின் பெட்டிகளும் வயலில் இறங்கின என்பதை மறக்கலாகாது. நீதியைப் பேசியவர்களும் அளவைச் செய்தவர்களும் ஒரே ஆண்டில் இருபுறமும் நின்றனர். சிறு உழவரின் பெயரைச் சொல்லி, நகர்ப்புறப் பெரும் பால்பண்ணையின் பன்னூறு கலப்பின மாடுகளையும் அதே குடைக்குள் ஒளிப்பது அவ்வாதத்துக்கு இழைக்கும் அநீதி. உயிர்வாழ்வு வெளியீடு எது, வணிக வெளியீடு எது என்று பிரிக்க வேண்டுமானால் கொட்டில் கொட்டிலாக அளந்தே பிரிக்க வேண்டும்.

2019 கணக்கெடுப்பில் மாட்டின் எண்ணிக்கையில் நாட்டில் முதலிடம் பெற்ற மாநிலம் உத்தரப் பிரதேசமன்று, மேற்கு வங்காளம். 1.9 கோடி மாடுகள், முந்தைய கணக்கெடுப்பை விட 15 விழுக்காடு மிகுதி. ஆட்டில் இராசத்தானுக்கு அடுத்த இடம், 1.6 கோடி. வங்காளத்து ஆடு பெரும்பாலும் கறுப்பு வங்க இனம். முற்றிய பெட்டையின் எடை 20 கிலோவைச் சுற்றியே இருக்கும். நிலமற்ற பெண்கள் வளர்க்கும் அந்த ஆடுகள் சியால்தா, ஹௌரா தடங்களின் இருப்புப்பாதை ஓரங்களில் மேய்ந்து திரிவதைப் புறநகர்ப் பயணி நாள்தோறும் காணலாம். பன்னாட்டு வழிகாட்டி ஆட்டுக்குக் குறிக்கும் காரணி ஆண்டுக்கு 5 கிலோ மீத்தேன். அதற்கு அடிப்படையாகக் கொண்ட ஆட்டின் எடை 40 கிலோ.